வட்டம் வட்டமாகத் தெரிய எந்தத் திரை? டிவி, புரொஜெக்டர், அகல மானிட்டர்: ஓர் ஒப்பீடு

சித்தப்பாவின் கல்யாண வீடியோவை 55 அங்குல டிவியில் போட்டபோது முதல் புகார் மணமகளிடமிருந்தே வந்தது. "அப்போது நான் இவ்வளவு குண்டாகவா இருந்தேன்?" என்றார் சித்தி. இல்லவே இல்லை. தொண்ணூறுகளில் எடுத்த 4:3 படத்தை டிவி தன் விருப்பத்துக்கு 16:9 ஆக இழுத்து நிரப்பியிருந்தது. அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடினால் யாராக இருந்தாலும் பருமனாகத்தான் தெரிவார்கள். ரிமோட்டில் 4:3 என்று மாற்றினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது, சித்தி இளைத்தார், சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. "முழுத் திரைக்குக் காசு கொடுத்துவிட்டு முக்கால் திரையில் பார்ப்பதா?"

புதிதாகத் திரை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதும் சுற்றி வளைத்தால் இதே கேள்விதான். பழைய கேசட், ஸ்கோப் படம் (திரையரங்குக்கான அகலப் படம்), செய்தி, கிரிக்கெட், கைபேசியில் நெட்டுவாக்கில் எடுத்த வீடியோ எல்லாம் ஒரே வீட்டில் ஓடுகின்றன. வழக்கமான 16:9 டிவியா, புரொஜெக்டரா, 21:9 மானிட்டரா? எதில் பட்டை குறையும்? நான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்பேன்: எது படத்தைக் கெடுக்காமல் காட்டும்?

## வடிவங்கள் எங்கிருந்து வந்தன

கடையில் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பார்கள். அகலத்தை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், அவ்வளவுதான். பழைய டிவி 4:3, அதாவது 1.33. ஒலி வந்த பிறகு ஹாலிவுட் 1932இல் 1.37 என்று நிலைப்படுத்தியது. வீட்டுக்குள் டிவி புகுந்து கூட்டத்தை இழுத்துக்கொண்டதால் திரையரங்குகள் அகலத்தை நாடின. 1953இல் சினிமாஸ்கோப் வந்தது. தமிழுக்கு அது 1973இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடு வந்தது. இன்றைய ஸ்கோப் 2.39.

இரண்டுக்கும் நடுவில் 16:9 எப்படி முளைத்தது? 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அப்போது புழக்கத்தில் இருந்த வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக எடுத்து, மையம் பொருந்த ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச் செவ்வகத்தின் விகிதம் சுமார் 1.77, எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகத்தின் விகிதமும் அதுவே. 16:9 என்பது 4:3இன் வர்க்கமும்கூட. அதனால் 16:9 திரையில் 4:3 படம் ஓடினால் பரப்பில் சரியாகக் கால் பங்கு வீண். ஸ்கோப் ஓடினாலும் ஏறக்குறைய அதே கால் பங்கு வீண். யாருக்கும் முழுத் திருப்தி தராமல், யாரையும் பெரிதாக ஏமாற்றாமல் பிரித்துக் கொடுக்கிற பஞ்சாயத்துக்காரர் போன்ற வடிவம் இது.

## எதை வைத்து எடை போடுவது

வட்டம் வட்டமாக இருக்கிறதா என்பதுதான் முதல் அளவுகோல். இதில் தோற்ற திரையின் மற்ற சிறப்புகளைப் பேசிப் பயனில்லை.

விளிம்பு முழுதாக வருகிறதா என்பது அடுத்தது. பழைய குழாய் டிவிகள் ஓரத்தில் சில சதவீதத்தை மறைத்தே காட்டும். அந்தப் பழக்கம் தட்டைத் திரை வந்தும் போகவில்லை. எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தைக்கூடச் சில டிவிகள் கொஞ்சம் பெரிதாக்கி நான்கு ஓரத்தையும் நறுக்கிவிடும். செய்திச் சேனலின் கீழே ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் இதுதான் காரணம்.

பட்டை எவ்வளவு கறுப்பு என்பதையும் பார்க்க வேண்டும். பட்டை உறுத்துவதே அது சாம்பல் நிறமாக ஒளிரும்போதுதான்.

இவற்றோடு நீங்கள் அதிக நேரம் பார்க்கும் வடிவத்தில் படம் உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் வருகிறது, வசன வரிகள் எங்கே விழுகின்றன, ரிமோட் யார் கையில் இருக்கும் என்பனவும் சேரும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பட்டன் அழுத்த வேண்டிய ஏற்பாடு, வீட்டுப் பெரியவர்கள் தனியாக இருக்கும் மதியத்தில் உதவாது.

## கடையில் செய்யும் சோதனை

நான் எந்தத் திரையைப் பார்க்கப் போனாலும் ஒரு பென் டிரைவும் தையல்காரர் நாடாவும் கொண்டுபோவேன். பென் டிரைவில் சின்னச் சின்ன வீடியோக்கள் இருக்கும். புகைப்படமாக வைத்தால் போதாது. பல டிவிகள் புகைப்படத்தை ஒரு விதமாகவும் வீடியோவை வேறு விதமாகவும் காட்டும்.

முதல் கோப்பு 1920 × 1080. நடுவில் பெரிய வட்டம், நான்கு மூலையிலும் சிறு வட்டங்கள், விளிம்பை ஒட்டி ஒரு பிக்சல் தடிமனில் வெள்ளைக் கோடு. நான்கு பக்கமும் கோடு தெரியவில்லை என்றால் ஓரம் வெட்டுப்படுகிறது. அமைப்புகளுக்குள் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபிட் டு ஸ்கிரீன்', 'ஃபுல் பிக்சல்', 'டாட் பை டாட்' என்று ஏதாவது ஒரு பெயரில் இதற்கு மாற்று இருக்கும். பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேலை ஒன்றே. எந்தப் பெயரிலும் இல்லாத டிவியை நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது, 4:3 வட்டம், 1440 × 1080. நாடாவை வைத்து நடு வட்டத்தைக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை அளப்பேன். ஒரு கடையில் குறுக்கே 40 சென்டிமீட்டர், நெடுக்கே 30. "சார், ஃபுல் ஸ்கிரீன் வருகிறது பாருங்கள்" என்றார் விற்பனையாளர், பெருமையாக. சித்தி குண்டான கணக்கு அதேதான்.

மூலை வட்டங்களுக்கும் வேலை இருக்கிறது. நடுவைத் தொடாமல் ஓரங்களை மட்டும் அதிகமாக இழுத்து நிரப்பும் தந்திரம் ஒன்று உண்டு. நடு வட்டம் ஏறக்குறைய ஒழுங்காகத் தெரியும், மூலையில் இருப்பவை முட்டையாகியிருக்கும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் மரங்கள் ஓரத்தில் தடித்து, நடுவில் மெலிந்து, மறுபடி தடிக்கும். மீன் தொட்டி வழியாகப் பார்ப்பது போலிருக்கும்.

மூன்றாவது கோப்புதான் பெரும்பாலான திரைகளின் குட்டை உடைப்பது. நம் ஊர் டிவிடியிலும் பழைய கேசட்டிலிருந்து எடுத்த கோப்புகளிலும் பிக்சல்கள் 720 × 576 இருக்கும். இந்த எண்களை அப்படியே வகுத்தால் 5:4 வரும். 4:3ம் வராது, 16:9ம் வராது. கோப்புக்குள் இருக்கும் ஒரு குறிப்புதான் இதை 4:3 ஆகக் காட்டு, அல்லது 16:9 ஆக விரித்துக் காட்டு என்று சொல்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காத டிவியில் 16:9 வட்டம் 30க்கு 21 என்று நெட்டை முட்டையாக நிற்கும். 4:3 வட்டமோ 30க்கு 28 ஆக வரும். கண்ணால் பார்த்தால் சரியாகவே தோன்றும், நாடாதான் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, ஸ்கோப் கோப்புகள் இரண்டு: பட்டை இல்லாத 1920 × 804 ஒன்று, பட்டையைச் சேர்த்தே பதிந்த 1920 × 1080 ஒன்று. டிவியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அகல மானிட்டரில் தெரியாது; ஏன் என்பது கீழே.

யூஎஸ்பியில் சரியாக வந்தால் எச்டிஎம்ஐயிலும் சரியாக வரும் என்று நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அமைப்பு வைத்திருக்கும் டிவிகள் உண்டு. அணைத்துப் போட்டால் அமைப்பு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

## 16:9 டிவி

வட்டச் சோதனையில் நல்ல டிவிகள் எல்லாம் தேறிவிடும். 'ஆட்டோ' என்று விட்டால் போதும். கறுப்பில்தான் வித்தியாசம். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் பட்டை இருக்கும் இடத்துப் பிக்சல்கள் அணைந்தே இருக்கும், இருட்டறையில் பட்டை எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். பின்னாலிருந்து விளக்கு எரியும் எல்சிடியில் விஏ வகைப் பலகை பரவாயில்லை. ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பலகையில் பட்டை சாம்பலாக மின்னும். விளக்கு எரியும் கூடத்தில் தெரியாது, விளக்கை அணைத்ததும் கண்ணில் உறுத்தும்.

மறைந்திருக்கும் செலவு ஓஎல்இடியில் உண்டு. நாள்தோறும் பல மணி நேரம் 4:3 படமே ஓடினால் நடுப்பகுதி தேயும், பட்டைப் பகுதி புதிதாகவே இருக்கும். வருடக்கணக்கில் இந்தத் தேய்மானம் முழுத் திரைப் படத்தில் நிழலாகத் தெரியலாம். வாரத்துக்கு ஒரு கேசட் பார்ப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொரு தொல்லை செட் டாப் பாக்ஸ். அதற்குள்ளும் ஒரு விகித அமைப்பு இருக்கிறது. பாக்ஸ் ஒருமுறை இழுக்க, டிவி இன்னொரு முறை இழுக்க, கடைசியில் வருவது எந்தச் சேனல் அனுப்பியதும் இல்லை. பாக்ஸை 16:9க்கு வைத்துவிட்டு, இழுக்கிற வேலையை ஏதாவது ஒரு கருவிக்கு மட்டும் கொடுங்கள். நான்கு பக்கமும் பட்டையோடு தபால்தலை அளவில் படம் வருகிறதா? அகலப் படத்தை 4:3 சட்டத்துக்குள் அடைத்து அனுப்புகிறார்கள் என்று பொருள். இந்த ஒரு இடத்தில் மட்டும் 'ஸூம்' பட்டனைத் தாராளமாக அழுத்தலாம். எந்த உருவமும் கெடாது, வெற்றுப் பட்டைதான் வெளியே போகும்.

சித்தப்பாவின் முக்கால் திரைக் கோபத்துக்கு விடை அளவில் இருக்கிறது. 65 அங்குல டிவியில் 4:3 படம் சுமார் 108 × 81 சென்டிமீட்டர். ஸ்கோப் படம் 144 × 60. இரண்டின் பரப்பும் 55 அங்குல டிவி முழுதாக நிரம்பினால் வரும் பரப்பைவிடச் சற்று அதிகம். அதாவது ஓர் அளவு கூட்டி வாங்கினால் பட்டை தின்ற கால் பங்கு திரும்பி வந்துவிடுகிறது.

## புரொஜெக்டர்

இங்கே ஆசை காட்டுவது ஸ்கோப் திரை. வழக்கமான 16:9 திரைச்சீலைக்குப் பதிலாக 2.35 விகிதத்தில் நீளமான திரை. சாதாரணப் படம் நடுவில் நிற்கும், ஸ்கோப் படம் வரும்போது இரு பக்கமும் விரியும். திரையரங்கில் விளக்கு அணைந்து திரை அகலும்போது வரும் அந்தச் சிலிர்ப்பு வீட்டிலும் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் சுவர் ஒத்துழைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 100 அங்குல 16:9 திரை ஏறக்குறைய 221 × 125 சென்டிமீட்டர். அதே உயரத்தில் ஸ்கோப் திரை போட்டால் அகலம் 293. பத்தடிச் சுவர் 305 சென்டிமீட்டர்தான். ஒலிபெருக்கி வைக்கவும் இடம் இருக்காது. சுவரில் 221 சென்டிமீட்டர்தான் காலி என்றால், அந்த அகலத்தில் வாங்கும் ஸ்கோப் திரையின் உயரம் 94. ஸ்கோப் படம் முன்பு வந்த அளவுதான் வரும். கிரிக்கெட்டோ 100 அங்குலத்திலிருந்து 75க்குச் சுருங்கிவிடும். காசு கொடுத்துக் குறைத்துக்கொள்வது. உயரம் தட்டுப்பட்டு அகலம் தாராளமாக இருக்கும் அறைக்கு மட்டுமே ஸ்கோப் திரை பொருந்தும். நம் அடுக்குமாடி வீடுகளில் கதவும் அலமாரியும் சேர்ந்து அகலத்தைத்தான் முதலில் பறிக்கின்றன.

அறை இடம் கொடுத்தாலும் விரிக்க வழி வேண்டும். லென்ஸை ஸூம் செய்து படத்தைப் பெரிதாக்குவது ஒரு முறை. மேல், கீழ்ப் பட்டைகள் திரைக்கு வெளியே சுவரில் விழும். இதற்குக் குறைந்தது 1.33 மடங்கு ஸூம் வேண்டும். மலிவான புரொஜெக்டர்கள் பலவற்றில் 1.1, 1.2தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஒளி பரவுவதால் வெளிச்சம் ஏறக்குறைய 57 சதவீதமாகிவிடும். பட்டைக்குள் எழுதப்படும் வசன வரி சுவரில் விழுந்து வீணாகும். 'தி டார்க் நைட்' படத்தின் புளூ-ரே போல, நடுநடுவே ஸ்கோப்பிலிருந்து 16:9க்கு மாறும் படங்கள் திரைக்கு மேலும் கீழும் வழியும். இன்னொரு முறை, படத்தைப் பக்கவாட்டில் விரிக்கும் அனமார்ஃபிக் லென்ஸ். அதன் விலை பல நேரம் புரொஜெக்டரையே தாண்டிவிடும் என்பதால் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

ஆகவே புரொஜெக்டர் என்றால் சாதாரண 16:9 திரை, சுற்றிலும் கறுப்பு வெல்வெட் சட்டம். ஸ்கோப் படத்தன்று மேலும் கீழும் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் சாம்பல் பட்டை மறையும். அசிங்கமாக இருக்குமே என்று தயங்குவார்கள். விளக்கை அணைத்தால் யாருக்கும் தெரியாது.

வட்டச் சோதனையில் புரொஜெக்டருக்கு ஒரு தனிப் பொறி இருக்கிறது. கருவியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கீஸ்டோன் திருத்தத்தால் சதுரமாக்கினால், வெளித்தோற்றம் செவ்வகம். உள்ளே வட்டம் சற்றே நசுங்கியிருக்கலாம், பிக்சல்களும் விரயமாகும். நேராக வைத்து அளந்து பாருங்கள்.

அலுவலகங்கள் விற்கும் பழைய 16:10 புரொஜெக்டர்கள் பற்றி இரண்டே வரி. 1280 × 800இல் 16:9 படத்துக்கு 720 வரிகள் போதும், மிச்ச 80 வரி மங்கலான வெளிச்சமாகக் கசியும். பாடம் நடத்தவும் பழைய 4:3 படங்கள் பார்க்கவும் நல்லது, ஸ்கோப் ரசிகருக்கு வேண்டாம்.

## 21:9 மானிட்டர்

பிலிப்ஸ் 2009இல் 56 அங்குல 21:9 டிவியையே கொண்டுவந்தது. அந்த வடிவம் கூடத்தில் நிலைக்கவில்லை. மேசையில் மட்டும் நிலைத்துவிட்டது. 21:9 என்பதும் விளம்பரப் பெயர்தான்: 2560 × 1080 என்றால் 2.37, 3440 × 1440 என்றால் 2.39. ஸ்கோப்புக்குத் தைத்த சட்டை.

சட்டை மற்றவர்களுக்குப் பொருந்தாது. 34 அங்குல மானிட்டரின் உயரம் 33 சென்டிமீட்டர்தான். அதில் 16:9 படம் 27 அங்குல மானிட்டர் அளவு. 4:3 படம் 22 அங்குலம். பலர் 34 என்ற எண்ணைப் பார்த்து 32 அங்குலத்தைவிடப் பெரியது என்று வாங்கி ஏமாறுகிறார்கள்.

மேலே சொன்ன இரண்டு ஸ்கோப் கோப்புகள் இங்கேதான் பிரிகின்றன. பட்டை இல்லாத கோப்பு திரையை அழகாக நிரப்பும். பட்டையோடு பதிந்த கோப்பை மானிட்டர் 16:9 படமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் சுருங்கிய படம். இணையத்தில் கிடைக்கும் ஸ்கோப் படங்களில் இந்த வகை தாராளம். விஎல்சி போன்ற மென்பொருளில் நறுக்கிக்கொள்ளலாம். உலாவியில் அதற்கென நீட்சி (எக்ஸ்டென்ஷன்) தேட வேண்டும். செட் டாப் பாக்ஸையோ பழைய டிவிடி பிளேயரையோ நேரடியாகச் செருகினால் விகிதத்தைக் காக்கும் அமைப்பு மானிட்டரில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இல்லாத மானிட்டரில் எல்லாரும் சித்தி கதைதான்.

## அருகருகே வைத்தால்

| அளவுகோல் | 65 அங்குல 16:9 டிவி | 100 அங்குல 16:9 புரொஜெக்டர் திரை | 34 அங்குல 21:9 மானிட்டர் |
|---|---|---|---|
| ஸ்கோப் படம் (செ.மீ.) | 144 × 60 | 221 × 93 | 80 × 33 |
| 16:9 படம் (செ.மீ.) | 144 × 81 | 221 × 125 | 59 × 33 |
| 4:3 படம் (செ.மீ.) | 108 × 81 | 166 × 125 | 44 × 33 |
| பட்டையின் கறுப்பு | ஓஎல்இடியில் முழுக் கறுப்பு, ஐபிஎஸ்ஸில் சாம்பல் | அறை இருட்டைப் பொறுத்தது | பலகையைப் பொறுத்தது |
| வசன வரி | தொல்லை இல்லை | ஸ்கோப் திரை போட்டால் மட்டும் தொல்லை | நறுக்கினால் வரியும் போகலாம் |
| ரிமோட் வேலை | 'ஆட்டோ' போதும் | ஸூம் மாற்றினால் ஒவ்வொரு முறையும் | கோப்புக்குக் கோப்பு |
| மறைமுகச் செலவு | ஓர் அளவு கூட்டி வாங்குவது | திரைச்சீலை, இருட்டு, சுவர் | 16:9இல் இழக்கும் பரப்பு |

நெட்டு வீடியோவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 9:16 வீடியோ எந்தத் திரையிலும் மூன்றில் ஒரு பங்குகூட நிரப்பாது. அதைக் கைபேசியிலேயே பாருங்கள்.

## யாருக்கு எது

சேனலும் இணையப் படமும் கலந்து பார்க்கும் குடும்பத்துக்கு 16:9 டிவி, நினைத்ததைவிட ஓர் அளவு பெரிதாக. இருட்டாக்கக்கூடிய தனி அறையும் வார இறுதியில் இரண்டு படமும் என்றால் புரொஜெக்டர், 16:9 திரை. சுவர் பத்தடியைத் தாண்டி, மேற்கூரை தாழ்ந்து, ஸூம் செய்யும் பொறுமையும் இருப்பவர் ஸ்கோப் திரையை யோசிக்கலாம். மேசையில் பகலெல்லாம் இரண்டு சாளரங்களை அருகருகே வைத்து வேலை செய்து, இரவில் தனியாக ஒரு ஸ்கோப் படம் பார்ப்பவருக்கு 21:9 மானிட்டர் சுகம். படத்துக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம்.

கேசட் பெட்டி நிறைய வைத்திருப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக் கேசட்டுகளில் சிலவற்றை டிஜிட்டலாக்கித் தந்த ஒரு கடை, 4:3 படத்தை 16:9 ஆக இழுத்தே பதிந்து கொடுத்துவிட்டது. அந்தக் கோப்பை எந்த டிவியின் 'ஆட்டோ'வும் காப்பாற்றாது. கையால்தான் 4:3க்கு மாற்ற வேண்டும், அல்லது கோப்பிலுள்ள விகிதக் குறிப்பைத் திருத்த வேண்டும். கடைக்குக் கொடுக்கும்போதே "4:3 ஆகவே வேண்டும், இழுக்க வேண்டாம்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சித்தப்பா போன மாதம் 65 அங்குலம் வாங்கினார். நாடாவை நான்தான் பிடித்தேன்: குறுக்கே 48, நெடுக்கே 48. சித்தி பட்டையைக் கவனிக்கவே இல்லை. கூறைப் புடவையின் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.